தைவான் தீவும் புதுத்தொழிலுக்கு அரசு செய்த உதவியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையின் முன் நின்று பேசுமாறு நம் சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தபோது, இலக்கியத்துறையில் யாதானும் ஒரு பொருளை யாம் எடுத்துக்கொள்வோம் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமக்கு அதுவே எளிது. ஆயினும், சென்ற சில திங்களாக எம் உள்ளத்தை விடாது பற்றி நிற்கும் வினா ஒன்றுண்டு. அதனை எழுப்பியவன் எம்மிடம் பயின்ற பழைய மாணாக்கன் ஒருவன். அவனுடைய இசைவு பெற்றே அவன் கதையை ஈண்டுக் கூறுகின்றோம்.

அவன் பொறியியல் கற்றுத் தேறி, நகரத்தில் நல்ல சம்பளத்தில் வேலை பார்த்தவன். வயற்கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவியொன்றைத் தானே செய்து விற்க விரும்பி, அவ்வேலையை விட்டான். 'ஸ்டார்ட்அப்' என்று இக்காலத்து இளைஞர் வழங்கும் புதுத்தொழில் அது. இரண்டாண்டு பாடுபட்டான். கருவி நன்றாகவே ஓடிற்று. ஆனால் அது விலைபோகத் தொடங்கு முன்னரே கையிலிருந்த பணம் தீர்ந்துபோயிற்று. கடையை மூடினான். ஊரார் நகைத்தனர். "உள்ள வேலையை விட்டவனுக்கு இதுதான் கதி" என்றனர் உறவினர். பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. ஒருநாள் மாலை எம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "ஐயா, அரசாங்கம் கைகொடுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேனா? அல்லது நான் செய்ததே தவறா?" என்று கேட்டான்.

அன்று யாம் விடை கூறவில்லை. எமக்கு விடை தெரியாமையே காரணம். அரசாங்கம் கைகொடுத்துப் புதுத்தொழில் வளர்த்த நாடு எது, அக்கை எவ்வாறு நீண்டது, எப்போது விலகியது என்பவற்றை அதன் பின்னர்த் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றுள் எம் மனத்தை மிகவும் ஈர்த்தது தைவான் என்னும் தீவின் வரலாறு. அதனையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

தீவின் நிலை

சீனத்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கடலிடையே கிடப்பது தைவான். அதன் பரப்பு ஏறக்குறைய 36,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் கால் பங்கினும் சற்றே மிகுதி. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மலை. குடிமக்கள் இரண்டு கோடியே முப்பது இலட்சம் பேரளவினர். நிலநடுக்கமும் பெரும்புயலும் அத்தீவுக்குப் புதியன அல்ல. எண்ணெய், நிலக்கரி, எரிவாயு ஆகிய மூன்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்தே அந்நாட்டார் விளக்கேற்றுகின்றனர். மண்ணுக்கடியில் புதையல் இல்லாத நாடு என்று ஒரு வாக்கியத்தில் அதனைச் சொல்லிவிடலாம்.

1950-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அத்தீவு கடல் கடந்து விற்ற பொருள்களுள் தலையாயவை சர்க்கரையும் அரிசியும். பின்னர் ஆடை, காலணி, குடை, பிளாஸ்டிக் சாமான்கள் என்பவற்றைச் செய்து ஏற்றுமதி செய்தனர். 1966-ஆம் ஆண்டில் காவ்சியுங் துறைமுகத்தில் ஏற்றுமதித் தொழிலுக்கென்றே தனி வட்டாரம் ஒன்றையும் அமைத்தனர். ஊரிலே வேலை பெருகிற்று, வறுமை குறைந்தது. எனினும் அறிவுடையார் சிலர் உள்ளத்தில் அச்சமொன்று இருந்தது. குறைந்த கூலியையே முதலாகக் கொண்ட தொழில், கூலி உயர்ந்த அன்றே வேறு நாட்டுக்குப் போய்விடும் அன்றோ? 1971-ஆம் ஆண்டில் அவ்வரசு ஐக்கிய நாடுகள் சபையில் தன் இடத்தை இழந்தது. 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிற்று. இனி வாழ்வதற்கு வழி என்ன என்னும் கேள்வி அவர்தம் வாயிலில் வந்து நின்றது.

காலையுணவுக் கடையில் நடந்த பேச்சு

அக்காலத்தில் பொருளாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் சுன் யுன்-சுவான் என்பார். அவர் மின்துறையில் பணியாற்றிய பொறியாளர். 1974-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் காலை, தைப்பே நகரில் சோயாப் பால் விற்கும் எளிய கடையொன்றில் எழுவர் ஒருங்கு கூடினர். அமைச்சர்களும் அரசாங்கத்துப் பெரிய அலுவலர்களுமாகிய அறுவரோடு இருந்த ஏழாமவர், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. என்னும் பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய பான் வென்-யுவான் என்னும் பொறியாளர். தீவு எத்தொழிலைப் பற்றினால் பிழைக்கும் என்று அவரை வினவினர். 'சிப்' என்று உலகம் வழங்கும் மின்சுற்றுச் சில்லுகளைச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் அவர். எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு பொருள் வேண்டும் என்று கேட்டனர். நான்கு ஆண்டும் ஒரு கோடி டாலரும் என்பது அவர் சொன்ன கணக்கு. சுன் யுன்-சுவான் இசைந்தார்.

விரல் நகத்தளவினதாகிய சிலிக்கன் தகட்டின்மேல் எண்ணற்ற மின்பாதைகளை எழுதி அமைப்பதே சில்லு. இன்று நம் கையிலுள்ள கைப்பேசி, வங்கியில் பணம் தரும் எந்திரம், மருத்துவமனையில் உடலை ஊடுருவிப் பார்க்கும் கருவி ஆகிய யாவும் அதனாலேயே இயங்குகின்றன. 1974-ஆம் ஆண்டில் தைவானில் சில்லுகளைப் பெட்டியிலடைத்துப் பொருத்திக் கொடுக்கும் வேலை நடந்தது. ஆனால் சில்லைத் தொடக்கத்திலிருந்து செய்யும் ஆற்றல் பெரிதாக வேரூன்றவில்லை. அந்நிலையில் ஒரு நாட்டின் எதிர்காலத்தை அதன்மேல் வைப்பதென்றால் அது எளிய துணிவன்று.

முதல் உதவி: அறிவு

அவ்வரசு செய்த உதவிகளை யாம் நான்காகப் பகுத்துக் கூற விரும்புகின்றோம். முதலாவது, அறிவைத் தேடிக் கொடுத்தமை.

இப்பேச்சுக்கு முன்னரே, 1973-ஆம் ஆண்டில், தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தனர். இட்ரி என்பது அதன் குறும்பெயர். அரசாங்கம் பணம் தரும். ஆனால் அஃது அரசாங்க இலாகா அன்று. உத்தியோகத்தருக்குரிய சம்பள வரையறையும் சட்டதிட்டக் கட்டும் அதற்கு இல்லை. வெளிநாட்டிலிருக்கும் வல்லவரைத் தக்க ஊதியத்தோடு அழைக்கவேண்டுமென்பதே அவ்வேற்பாட்டின் நோக்கம். சட்டமன்றத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது, எழுந்தும் நிறைவேறிற்று.

பான் வென்-யுவான் தம் பதவியைவிட்டு முன்னதாகவே ஓய்வு பெற்று, அமெரிக்காவிலிருந்த தம்மவராகிய பொறியாளர் பலரைக் கூட்டி அறிவுரைக் குழுவொன்றை அமைத்தார். 1976-ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. கம்பெனியோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. தைவான் பொருள் கொடுக்க, அக்கம்பெனி தன் செய்முறையைக் கற்பிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். ஏறக்குறைய நாற்பதின்மர் இளைஞர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். ஓஹையோ, நியூஜெர்சி, புளோரிடா ஆகிய இடங்களிலிருந்த ஆலைகளிலும் கூடங்களிலும் அவர்கள் தொழில் பயின்றனர். ஒருவர் வரைதல் கற்றார். ஒருவர் செய்தல் கற்றார். ஒருவர் சோதித்தல் கற்றார். ஒருவர் கணக்கும் மேற்பார்வையும் கற்றார். ஆகத் திரும்பி வந்தபோது ஓராலையே மனித வடிவில் வந்து சேர்ந்ததென்னலாம்.

1977-ஆம் ஆண்டு அக்டோபரில் இட்ரி தன் முன்மாதிரி ஆலையைத் திறந்தது. மின்கடிகாரத்துக்கு வேண்டிய சில்லுகளை அதில் செய்தனர். செய்தவற்றுள் பழுதின்றித் தேறுவன எத்தனை என்பதே இத்தொழிலில் உரைகல். அவ்வளவையில், சில திங்களுக்குள்ளாகவே மாணாக்கரின் ஆலை ஆசிரியரின் ஆலையை விஞ்சிற்று. ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கு இதனைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாம் உதவி: இடம்

இரண்டாவது, தங்கியிருந்து தொழில் செய்தற்குரிய இடம். 1980-ஆம் ஆண்டு டிசம்பரில் சின்ச்சு என்னும் ஊரில் அறிவியல் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. சிங் ஹுவா, சியாவ் துங் என்னும் இரு பல்கலைக்கழகங்களும் இட்ரியும் அதன் அருகிலேயே இருந்தன. நிலமும் கட்டடமும் வாடகைக்குக் கிடைத்தன, வரிச்சலுகை கிடைத்தது, அனுமதிகள் யாவும் ஓரிடத்திலேயே கிடைத்தன.

அங்கே அமைந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்துச் சொல்லுதல் எம் கடன். அக்காலத்தில் தைவானில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவருட் பெரும்பாலார் அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களைத் திரும்ப அழைக்க ஊதியம் மட்டும் போதாது என்று அரசினர் உணர்ந்தனர். ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த குழந்தைகள் சீனமொழிப் பள்ளியில் எவ்வாறு படிப்பர் என்பதே தாய்மாரின் கவலை. ஆகவே 1983-ஆம் ஆண்டில் அப்பூங்காவிலேயே பள்ளியொன்றை நிறுவி, இருமொழியிலும் கற்பிக்கும் பிரிவொன்றையும் அதில் அமைத்தனர். ஆலை நிறுவுதற்குப் பள்ளிக்கூடம் அடிக்கல்லாயிற்று. தொழில் செய்பவனும் ஒரு குடும்பத்தான் என்பதை மறவாத உதவியே உதவி.

மூன்றாம் உதவி: முதற்பொருள்

மூன்றாவது, பணம். இட்ரியில் கற்ற செய்முறையைக் கொண்டு 1980-ஆம் ஆண்டில் யூ.எம்.சி. என்னும் கம்பெனி தொடங்கப்பட்டது. தனவந்தர் எளிதில் முன்வந்தாரல்லர். நெசவிலும் பிளாஸ்டிக்கிலும் ஆதாயம் கண்ட செல்வர்க்கு, கண்ணுக்குத் தெரியாத கோடுகளை எழுதி விற்கும் தொழில் சூதாட்டமாகவே தோன்றிற்று. பெரும்பங்கை அரசாங்கமும் அதனைச் சார்ந்த நிறுவனங்களுமே ஏற்றன. அமெரிக்கா சென்று பயின்றவருள் ஒருவராகிய ராபர்ட் சாவ் அதனை நடத்தத் தலைப்பட்டார்.

1983-ஆம் ஆண்டில் மற்றொரு வழியும் வகுத்தனர். நெடுங்காலம் நிதி, பொருளாதாரத் துறைகளில் தலைமை தாங்கிய கே. டி. லீ என்பார் இதற்கு முன்னின்றவர். புதுத்தொழில்களுக்குப் பணம் தரும் துணிகர முதலீட்டுக் கம்பெனிகளில் ஒருவர் பங்கு கொண்டால், கொண்ட தொகையில் நூற்றுக்கு இருபது வரை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது அவ்வேற்பாடு. அரசாங்கம் தானே எல்லாவற்றிலும் பணம் போடாமல், பணமுடையாரின் அச்சத்தில் ஐந்திலொரு பங்கைத் தான் ஏற்றது. எவ்வளவு நுட்பமான வழி பாருங்கள்!

அடுத்ததே உலகறிந்த நிகழ்ச்சி. அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் இருபத்தைந்து ஆண்டு பணியாற்றியவர் மாரிஸ் சாங். 1985-ஆம் ஆண்டில், தம் ஐம்பத்து நான்காம் வயதில், அவர் இட்ரிக்குத் தலைவராக வந்தார். 1987-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய கம்பெனியே டி.எஸ்.எம்.சி. ஆகும். அதன் முதலில் நூற்றுக்கு 48.3 பங்கு அரசாங்க வளர்ச்சி நிதியிலிருந்து வந்தது. 27.5 பங்கு ஆலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனி தந்தது. எஞ்சியதை உள்நாட்டுச் செல்வர் கொடுத்தனர். அவருட் சிலர் அரசாங்கத்தார் வற்புறுத்தியதன் பேரிலேயே கொடுத்தனர். இட்ரியின் ஆலையையே குடிக்கூலிக்குப் பெற்று வேலை தொடங்கினர்.

மாரிஸ் சாங் கண்ட புதுமை யாது? அந்நாளில் சில்லு விற்பவர் பெரும்பாலும் தாமே வரைந்து, தாமே ஆலை வைத்துச் செய்தனர். இவரோ, "நாம் நமக்கென ஒரு சில்லும் வரையவேண்டா, பிறர் வரைந்து தருவனவற்றைச் செய்து மட்டும் கொடுப்போம்" என்னும் கொள்கையினர். இதனை நம் ஊர் வழக்கில் வைத்துப் பாருங்கள். வீடுதோறும் மாவரைக்கும் எந்திரம் வாங்க இயலாது. ஊருக்கொரு மாவு மில் இருந்தால், தூக்கில் அரிசி கொண்டுவரும் யாவர்க்கும் அரைத்துத் தரலாம். மில் வைத்திருப்பவன் பலகாரக்கடை வைப்பதில்லை. ஆகலின் பலகாரக்கடைக்காரர் எவரும் அவனைக் கண்டு அஞ்சுவதில்லை. டி.எஸ்.எம்.சி. உலகுக்கு மாவு மில் ஆயிற்று.

அதனால் விளைந்த பயன் அத்தீவோடு நின்றுவிடவில்லை. ஆலை வைக்கப் பொருளில்லாத இளைஞர், வரைபடம் ஒன்றையே முதலாகக் கொண்டு சில்லுக் கம்பெனி தொடங்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. தைவானில் 1997-ஆம் ஆண்டில் தோன்றிய மீடியாடெக் அத்தகையது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டில் தோன்றிய என்விடியாவும் ஆலையில்லாக் கம்பெனியே. அதனைத் தொடங்கினாருள் ஒருவராகிய ஜென்சன் ஹுவாங் தைவானில் பிறந்தவர். ஒரு புதுத்தொழிலுக்குச் செய்த உதவி, பல புதுத்தொழில்களைத் தாங்கும் தூணாயிற்று.

நான்காம் உதவி: கைவிடுதல்

நான்காவது உதவியே யாவற்றினும் அரியது. அஃது உரிய காலத்தில் கையை விடுதல்.

நம் வீடுகளில் குழந்தை நடைபயில நடைவண்டி வாங்கித் தருகின்றோம். வண்டியின்றி அது விழும். ஆனால் பத்து வயதிலும் வண்டியைப் பற்றி நடக்கும் பிள்ளையைப் பெற்றோர் மருத்துவரிடமன்றோ கொண்டுசெல்வர்! டி.எஸ்.எம்.சி.யில் செம்பாதிக்கு அணித்தாயிருந்த அரசாங்கப் பங்கு, பையப்பைய விற்கப்பட்டு, இன்று நூற்றுக்கு ஆறு என்னும் அளவில் நிற்கின்றது. விற்ற பணம் மீண்டும் நிதிக்கே வந்தது.

பங்கை விட்டதினும் பெரிது ஆளை விட்டது. யூ.எம்.சி. தொடங்கியபோது இட்ரி தன் நல்ல பொறியாளரை அதற்குத் தந்தது; டி.எஸ்.எம்.சி. தொடங்கியபோதும் தந்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் அக்கழகத்தில் பயின்று, அதைவிட்டு வெளியேறித் தனித்தொழில் கண்டனர். மீடியாடெக்கின் தலைவர் சாய் மிங்-காய் 1976-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று பயின்ற இளைஞருள் ஒருவரே. "பயிற்றுவித்தவன் போய்விட்டான்" என்று அக்கழகம் வருந்திக் கதவடைக்கவில்லை. பள்ளியை விட்டு மாணாக்கர் ஆண்டுதோறும் வெளியேறுவது பள்ளிக்கு இழப்போ? வெளியேறாதிருந்தால் அன்றோ இழப்பு!

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் நிற்றலை நீவிர் அறிவீர். தக்காரை ஆராய்ந்து தெளிதல் ஒன்று; தெளிந்தபின் வினையை அவரிடத்து ஒப்பித்தல் மற்றொன்று. இரண்டாவதனைச் செய்ய அஞ்சும் அரசுகளே உலகில் மிகுதி.

தோல்வியும் விலையும்

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, தைவான் அரசு தொட்டதெல்லாம் பொன்னாயிற்று என்று எவரும் எண்ணவேண்டா. புகழை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையன்று.

இட்ரியின் மற்றொரு பெருந்திட்டத்திலிருந்து 1994-ஆம் ஆண்டில் வேன்கார்டு என்னும் கம்பெனி பிறந்தது. கணினியின் நினைவகச் சில்லுகளைச் செய்வது அதன் நோக்கம். அத்தொழிலில் நிற்கமாட்டாமல், சில ஆண்டுகளில் பிறர்க்குச் செய்து கொடுக்கும் தொழிலுக்கு அது மாறிற்று. 2002-ஆம் ஆண்டில் அரசாங்கம் சில்லுத் தொழிலையும் கண்ணாடித்திரைத் தொழிலையும் பெருக்க மாபெருந் திட்டம் வகுத்தது. 2008-ஆம் ஆண்டு உலகில் பொருள் நெருக்கடி வந்தபோது நினைவகக் கம்பெனிகள் கடனில் மூழ்கின. அவற்றை ஒன்றாக்கி அரசுப் பணத்தில் காக்க முயன்றனர். 2009-ஆம் ஆண்டில் சட்டமன்றம் அதற்கு இசையவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. அத்தொழிலில் தென்கொரியரே முன்னின்றனர்.

வேறு விலைகளும் உண்டு. டி.எஸ்.எம்.சி. பிறந்த 1987-ஆம் ஆண்டிலேதான், அதுவும் அதன் பின்னரே, அத்தீவில் 1949 முதல் நடந்த இராணுவச் சட்டம் நீக்கப்பட்டது. தொடக்க முடிவுகள் பலவும் குடிகளின் வாய் கட்டப்பட்டிருந்த காலத்தில் எடுக்கப்பட்டவை. அதனை மறைத்து அவ்வரசைப் போற்றுதல் தகாது. மேலும், சில்லு செய்வதற்கு மிகத் தூய நீர் பெருமளவு வேண்டும். 2021-ஆம் ஆண்டில் கடும் வறட்சி வந்தபோது, ஆலைக்கும் நகர்க்கும் நீர் வேண்டிப் பல வட்டாரங்களில் வயலுக்குப் பாயும் நீரை நிறுத்தினர். உழவர்க்கு ஈட்டுத்தொகை கொடுத்தனர் என்பது உண்மையே. ஆயினும், பயிரிடாதிருக்கப் பணம் பெறும் உழவனின் உள்ளம் எத்தகையது என்பதை நம்மில் நிலமுடையார் அறிவர்.

இன்றைய முயற்சி

பெரிய மரத்தின் நிழலில் சிறு கன்றுகள் வளரமாட்டா என்னும் கவலை இப்போது அங்கே உண்டு. ஆகலின் அரசினர் புதிய கம்பெனிகளுக்கு மீண்டும் கைகொடுக்கின்றனர். 2018-ஆம் ஆண்டில் நாட்டு வளர்ச்சி நிதியிலிருந்து ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. தொடக்க நிலையிலுள்ள கம்பெனிக்குத் தனியார் ஒருவர் தம் சொந்தப் பணத்தைத் தரின், அவரோடு சேர்ந்து அரசு நிதியும் பங்கு கொள்ளும். தன் பணத்தை வைப்பவன் கண் விழித்திருப்பான். அவன் விழிப்பை அரசும் துணையாகக் கொள்கின்றது.

இம்முயற்சிகளும் யாவும் வென்றுவிடவில்லை. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய கோகோரோ என்னும் கம்பெனி, மின்சார ஸ்கூட்டரும் அதன் பேட்டரியை நொடியில் மாற்றித் தரும் நிலையங்களும் அமைத்துப் புகழ் பெற்றது. வளர்ச்சி நிதி அதிலும் பங்கு கொண்டது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் அது ஏறியது. பின்னர் அதன் பங்கு விலை பெரிதும் வீழ்ந்தது. துணிந்து இடுவதில் ஒன்று முளைக்கும், பல பட்டுப்போகும் என்பதை அறிந்தே இத்தகைய நிதியை வைத்தல் வேண்டும்.

மாணாக்கனுக்கு விடை

இனி, திண்ணையில் கேட்கப்பட்ட வினாவுக்கு வருவோம்.

"அரசாங்கம் கைகொடுத்திருந்தால் பிழைத்திருப்பேனா?" என்பது முதல் வினா. கொடுத்த கை எத்தகையது என்பதைப் பொறுத்தது, என்பதே எம் விடை. ஒருமுறை மானியம் தந்து, புகைப்படம் எடுத்து, மறந்துபோகும் கை அவனைக் காத்திராது. கருவி ஓடும் நாளுக்கும் கருவி விற்கும் நாளுக்கும் இடையே நீண்ட பாலை ஒன்றுண்டு. தைவானில் காலையுணவுக் கடையில் பேசிய நாளிலிருந்து டி.எஸ்.எம்.சி. தோன்றும்வரை பதின்மூன்று ஆண்டு சென்றன. அத்தனை ஆண்டும் கற்பித்து, இடமளித்து, நட்டத்தில் பங்கேற்று, கொள்கை மாறாது நின்றமையே அவ்வுதவியின் சிறப்பு. அவனுக்கு வேண்டியிருந்ததும் அப்பாலையைக் கடக்கும் துணையே.

"நான் செய்தது தவறா?" என்பது இரண்டாம் வினா. இதற்கு யாம் ஐயமின்றி விடை கூறுவோம்: தவறன்று. தைவானின் செல்வம் கட்டடத்தில் இல்லை. கற்றுத் திரும்பிய அந்நாற்பதின்மர் தலைக்குள்ளும் கைக்குள்ளும் இருந்தது. நினைவகத் தொழிலில் தோற்ற வேன்கார்டு அதே ஆட்களைக் கொண்டு வேறு தொழிலில் நின்றது. கடை மூடினால் கடைதான் மூடிற்று. கற்ற கை மூடவில்லை. இரண்டாண்டில் அவன் கற்றதை எந்தக் கல்லூரியும் அவனுக்குக் கற்பித்திராது.

ஆனால் இளைஞர்க்கும் ஒரு சொல் உண்டு. நட்டத்துக்கு எல்லை வகுக்காமல் தொழிலில் இறங்காதீர்கள். கோடிக்கணக்கில் பணமுடைய அரசுக்கே ஒரு சட்டமன்றம், "இதற்குமேல் இல்லை" என்று சொல்லவேண்டியிருந்தது. குடியிருக்கும் வீட்டையும் தங்கையின் நகையையும் ஈடுவைத்துத் துணிவது துணிவன்று. எத்துணைப் பணம், எத்துணைக் காலம் என்பதை முன்னரே எழுதி வைத்துத் தொடங்குங்கள்.

மூத்தோர்களே! தாய்மார்களே! அரசாங்கம் தொலைவிலுள்ளது, அதன் கை நம் தெருவுக்கு வரும்போது வரட்டும். குடும்பமும் ஒரு சிற்றரசே. உறவும் ஒரு சிறு நாடே. கற்பிக்கவும், இடமளிக்கவும், இழப்பில் சிறிது பங்கேற்கவும், உரிய காலத்தில் கையை விடவும் நம்மாலும் இயலும். இவற்றுள் ஒன்றும் இயலாதெனின், தோற்று வந்தவனைக் கண்டு நகையாதிருத்தலேனும் இயலும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒருமுறை தொழிலில் தோற்றான் என்பதற்காகப் பேசிய பெண்ணை மறுக்கும் வழக்கம் நம்முள் இனி வேண்டா. தீயொழுக்கத்தான் என்றால் மறுங்கள். முயன்றவன் என்பதற்காக மறுக்காதீர்கள்.

அம்மாணாக்கன் இப்போது மீண்டும் ஓரிடத்தில் வேலைக்குச் செல்கின்றான். மாலையில் தன் கருவியை இன்னும் சீர்திருத்துகின்றான் என்றும் அறிகின்றோம். சென்ற வாரம் எம் வீட்டுக்கு வந்தபோது யாம் இவ்விடைகளை அவனிடம் கூறினோம். அவன் நெடுநேரம் வாளா இருந்து, "இதை எங்கள் அப்பாவிடம் சொல்ல முடியுமா, ஐயா?" என்றான். அவர் இவ்வவையில் இருக்கின்றார். சொல்லிவிட்டோம்.